நிறை பார்ப்பதற்கு முன் வயது பாருங்கள்: வெண்டிக்காய் பற்றிய கேள்விகளும் பதில்களும்

திருகோணமலை நகரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வெண்டிக்காயைப் பற்றியவையாக இருந்தன. விலை, நிறை, சமையல், மருந்து என்று அவை பல பக்கம் பிரிந்தாலும், வாங்கும் இடத்தில் செய்த ஒரு தவறே பலவற்றுக்கும் காரணமாக இருப்பதைக் கண்டு, இந்தப் பகுதி முழுவதையும் அந்த ஒரு மரக்கறிக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (உவர்மலையிலிருந்து ஒரு வாசகி): திருமணமாகித் தனிக்குடித்தனம் வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு கிலோ வெண்டிக்காய் வாங்கினேன். அரை மணி நேரம் அவித்தும் பாதிக் காய் நாராகவே இருந்தது. என் சமையலில் என்ன பிழை?

பதில்: உங்கள் சமையலில் பிழையில்லை, தங்கையே. காய் உங்கள் கைக்கு வரும்போதே அதன் வயது கடந்திருக்கிறது. வெண்டி, நம் வீட்டு முற்றத்துச் செவ்வரத்தைக்கும் பூவரசுக்கும் பருத்திக்கும் உறவான செடி. நடுவில் கருஞ்சிவப்பு படிந்த அதன் மஞ்சள் பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். பூ விரிந்த நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில்தான் காய் கறிக்கு ஏற்ற பிஞ்சாக இருக்கிறது. அதன் பிறகு விதை பருக்கத் தொடங்க, அந்த விதையைக் காப்பதற்காகக் காயின் சுவரில் நார் ஓடிவிடும். அப்படி ஓடிய நாரை அரை மணி நேரமல்ல, அரை நாள் அவித்தாலும் மென்மையாக்க முடியாது.

இதனால்தான் தோட்டக்காரர்கள் ஒன்றுவிட்டு ஒரு நாள் காய் பறிக்கிறார்கள். ஒரு பறிப்புத் தவறினாலும் அடுத்த பறிப்பில் பிஞ்சோடு முற்றலும் சேர்ந்தே கூடைக்கு வரும். மாரி மழை விடாமல் பெய்து தோட்டத்துக்குள் இறங்க முடியாமற்போன நாட்களை அடுத்தும், தைப்பொங்கல், சித்திரை வருடப் பிறப்பு போன்ற விடுமுறைகளை அடுத்தும் சந்தையில் முற்றல் காய் கூடுதலாகக் கலந்திருக்க இடமுண்டு. அந்த நாட்களில் விலை இறங்கியிருக்கிறதே என்று அள்ளிப் போடாமல், ஒவ்வொரு காயாகப் பார்த்து எடுங்கள்.

நீளத்தை மட்டும் நம்புவதும் சரியன்று. பொதுவாக நடுவிரல் நீளக் காய், அதாவது மூன்று நான்கு அங்குலக் காய், பிஞ்சாகவே இருக்கும். ஆனால் மகா இலுப்பள்ளமை ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய எம்.ஐ. 5, எம்.ஐ. 7 போன்ற இனங்கள், ஹரித என்ற இனம், வெளியிலிருந்து வரும் கலப்பின விதைகள் எனப் பலவும் இங்கே பயிராவதால், ஓர் இனத்தில் முற்றலாக இருக்கும் நீளம் இன்னோர் இனத்தில் பிஞ்சாக இருக்கக்கூடும். கைதான் நம்பகமான அளவுகோல். காயின் நுனிப் பக்கத்தை இரண்டு விரல்களுக்கிடையில் வைத்து மெல்ல வளைத்துப் பாருங்கள். பிஞ்சு இணங்கி வளையும்; முற்றல் விறைத்து நின்று விரலை எதிர்க்கும். வெளிப்புறத்திலேயே விதைகள் புடைத்துத் தெரியும் காயையும், விளிம்புகள் மரம் போல இறுகிய காயையும், காம்பு கறுத்துச் சுருங்கிய காயையும் விட்டுவிடுங்கள். மேலே மெல்லிய பூனை முடி போன்ற சுணை கைக்குப் படுவது புதிதாகப் பறித்ததற்கு அடையாளம். அந்தச் சுணை சிலருக்குக் கை அரிப்பைத் தரும் என்பதால், அப்படிப்பட்டவர்கள் கழுவும்போது கையுறை அணிந்துகொள்வது நல்லது.

மலிவு என்ற சொல்லையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்குக் கிலோ 300 ரூபாய்க்கு வாங்கி அதில் மூன்றில் ஒரு பங்கை நாரென்று எறிந்தால், நீங்கள் உண்ட காய்க்குக் கொடுத்த உண்மையான விலை கிலோவுக்கு 450 ரூபாய். பக்கத்துக் கடையில் 400 ரூபாய்க்கு இருந்த பிஞ்சுக் காயே மலிவானது. தம்பலகாமத்தில் என் அம்மம்மா ஒருபோதும் வெண்டிக்காயைக் கிலோக் கணக்கில் வாங்கியதில்லை. கால் கிலோவாக, சமைக்கும் நாளின் காலையில், ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து வாங்குவார். இந்த மரக்கறியைப் பொறுத்தவரை அதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் மீந்திருக்கும் முற்றல் காய்களை எறிந்துவிட வேண்டாம். நீளவாக்கில் பிளந்து, விதை இன்னும் வெள்ளையாகவும் மென்மையாகவும் இருந்தால் அதை வழித்தெடுத்துப் பருப்புக் கறியோடு சேர்த்து அவியுங்கள். தோலை மட்டும் எறியலாம்.

கேள்வி (சாம்பல்தீவிலிருந்து ஒரு மரக்கறி வியாபாரி): வருகிறவர்கள் எல்லாரும் வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறார்கள். பத்துக் காயை ஒடித்துவிட்டுக் கால் கிலோ வாங்குகிறார்கள், சிலர் வாங்காமலே போகிறார்கள். ஒடித்த காயை அடுத்தவர் தொடுவதில்லை. இதைப் பற்றி எழுதுவீர்களா?

பதில்: கட்டாயம் எழுத வேண்டிய விடயம், ஐயா. நுகர்வோர் உரிமையைப் பற்றியே எழுதும் இந்தப் பகுதி, நுகர்வோர் செய்யும் அநியாயத்தைக் கண்டும் காணாமல் இருந்தால் அது நேர்மையாகாது. நுனி ஒடிந்த இடம் ஒரு காயம். அதன் வழியே ஈரம் வெளியேறும், ஒடிந்த வாய் கறுக்கும், பூஞ்சணம் பற்றும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அப்படிப்பட்ட காய் மாலைக்குள் வாடிப் போகும். அந்த நட்டத்தை வியாபாரி தன் கையிலிருந்து எத்தனை நாளைக்குப் போட முடியும்? அடுத்த நாள் விலையில் அதுவும் சேரும், ஒடிக்காதவரும் சேர்த்தே அதைச் செலுத்துவார்.

எனவே வாசகர்களிடம் என் வேண்டுகோள் இது. முற்றலா பிஞ்சா என்று அறிய ஒடிக்கத் தேவையில்லை. மேலே சொன்னபடி மெல்ல வளைத்துப் பார்த்தாலே போதும். பழக்கம் காரணமாக ஒடித்துவிட்டீர்களென்றால், அந்தக் காயை உங்கள் பைக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள். அது உங்கள் காய்.

உங்களுக்கும் இரண்டு யோசனைகள் சொல்கிறேன். குவியலின் முன்னால் நீங்களே இரண்டு மூன்று காய்களை ஒடித்து வைத்தால், ஒடிக்க நீளும் கைகள் பாதியாவது குறையும். அடுத்து, பிஞ்சையும் சற்று முற்றியதையும் ஒரே குவியலில் கலக்காமல் இரண்டாகப் பிரித்து, இரண்டு விலை எழுதி வையுங்கள். வாங்குகிறவர் ஒடித்துப் பார்ப்பது பெரும்பாலும் கலந்திருக்குமென்ற சந்தேகத்தால்தான். அந்தச் சந்தேகத்தை நீக்கும் வியாபாரியிடம் அவர் நாளையும் வருவார்.

கேள்வி (கந்தளாயிலிருந்து ஒரு வாசகர்): அரைக் கிலோ என்று வாங்கிய வெண்டிக்காய் வீட்டுத் தராசில் 430 கிராம்தான் இருந்தது. கடைக்காரர், காய் வாடி நிறை குறைந்திருக்கும் என்கிறார். அது உண்மையா?

பதில்: வெண்டிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்பதும், அது மற்றப் பல மரக்கறிகளை விட விரைவாக ஈரத்தை இழக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் கடையிலிருந்து வீடு வரும் நேரத்துக்குள் அரைக் கிலோவில் 70 கிராம், அதாவது நூற்றுக்குப் பதினான்கு, வற்றிப்போவதென்பது நடக்காத காரியம். அப்படி வற்றியிருந்தால் காய் கண்ணெதிரே சுருங்கியிருக்கும்.

ஆயினும் கடைக்காரரைக் குற்றம் சொல்வதற்கு முன் உங்கள் வீட்டுத் தராசைச் சோதியுங்கள். வெறும் பாத்திரத்தை வைத்துத் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, சரியாக அளந்த அரை லீற்றர் தண்ணீரை அதில் ஊற்றினால் 500 கிராம் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தால், அடுத்த முறை கடையில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள்: காய் வைக்கும் முன் தராசு பூச்சியத்தில் நிற்கிறதா, கூடையின் நிறை கழிக்கப்படுகிறதா, தராசில் அவ்வாண்டுக்குரிய முத்திரை இருக்கிறதா. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டத்தின்படி, வியாபாரத்துக்குப் பயன்படும் தராசை ஆண்டுதோறும் பரிசோதித்து முத்திரையிட வேண்டும். குறை தொடர்ந்தால் மாவட்டச் செயலகத்தில் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்துக்குரிய அலுவலரிடம் முறையிடலாம். விலை காட்சிப்படுத்தாமை, கேட்டும் பற்றுச்சீட்டுத் தர மறுத்தல் போன்றவற்றுக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. அதன் தொலைபேசி இலக்கம் 1977.

நீர் தெளித்துக் குவித்த காயைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோடையில் வாடாமலிருக்க ஈரச் சாக்கால் மூடி வைப்பது நியாயமான முறை. காயின் மேலேயே நீர் சொட்டச் சொட்ட நிறுத்துத் தந்தால், நீங்கள் தண்ணீருக்கும் பணம் கொடுக்கிறீர்கள். அந்தக் காய் அடுத்த நாளே கறுத்தும் போகும். உதறி நிறுத்துத் தரும்படி தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி (நிலாவெளியிலிருந்து ஒரு தாய்): என் பிள்ளைகள் வெண்டிக்காயின் வழுவழுப்பைக் கண்டாலே தட்டைத் தள்ளி வைக்கிறார்கள். வழுவழுப்பில்லாமல் சமைப்பது எப்படி? வெள்ளிக்கிழமைகளில் மச்சம் இல்லாமல் சமைப்பதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: அந்த வழுவழுப்பு, காயின் கலங்களுக்குள் இருக்கும் ஒருவகைக் கூட்டுச் சர்க்கரை. காயை வெட்டும்போது அது வெளியே வருகிறது, தண்ணீர் பட்டதும் ஊதிப் பெருகுகிறது, கிளறக் கிளற நூலாக நீள்கிறது. ஆகவே அதைக் குறைக்கும் வழிகள் எல்லாம் இந்த மூன்றையும் தடுப்பதிலேயே இருக்கின்றன. முழுக் காயாகவே கழுவி, துணியால் துடைத்து, முடிந்தால் கால் மணி நேரம் பரப்பி உலரவிட்ட பின்னரே வெட்டுங்கள். வெட்டிய பின் கழுவுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு. மெல்லிய வட்டங்களாக நறுக்கினால் வெட்டுவாய் கூடும், வழுவழுப்பும் கூடும். இரண்டு அங்குலத் துண்டுகள் குழம்புக்கும் பால்கறிக்கும் போதும். உப்பு காயிலிருந்து நீரை வெளியே இழுக்கும் என்பதால் அதைக் கடைசியில் சேருங்கள். மூடி போட்டு அவித்தால் நீராவி திரும்பத் திரும்பக் காயின் மேலேயே விழும். ஆகையால் முதல் வதக்கலைத் திறந்த, அகன்ற தாச்சியில், ஒரே அடுக்காகப் பரப்பிச் செய்யுங்கள். புளிப்பும் உதவும்: பழப்புளியோ தேசிக்காயோ தக்காளியோ சேர்ந்தால் அந்தக் கூழின் தடிப்பு இறங்கிவிடும். நம் குழம்பில் பழப்புளியும் பால்கறியில் தேசிக்காயும் இடம்பெற்றிருப்பதில் சுவையோடு இந்தப் பயனும் அடங்கியிருக்கிறது.

பிள்ளைகளுக்கு முதலில் பொரித்த குழம்பைக் கொடுத்துப் பாருங்கள். கால் கிலோ பிஞ்சைத் துண்டுகளாக வெட்டி, நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ விளிம்புகள் பழுப்பு நிறமாகும் வரை பொரித்து எடுத்து வைத்துவிடுங்கள். அதே எண்ணெயில் கொஞ்சத்தை விட்டு, கடுகு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, பத்துச் சின்ன வெங்காயம், ஆறேழு பல் உள்ளி ஆகியவற்றைத் தாளித்து, தேசிக்காயில் பாதியளவு பழப்புளியைக் கரைத்து ஊற்றி, வீட்டுக் கறித்தூள் ஒரு மேசைக்கரண்டியும் உப்பும் சேர்த்துப் பச்சை வாடை போகும் வரை கொதிக்க விடுங்கள். பின்னர் அரைக் கோப்பை முதற்பாலை ஊற்றி, ஒரு கொதி வந்ததும் பொரித்த காயைச் சேர்த்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காமல் இறக்கிவிடுங்கள். காயைத் தொடக்கத்திலேயே போட்டு அவித்தால் பொரித்த பயனெல்லாம் வீணாகும். வெந்தயம் கறுகினால் குழம்பு முழுவதும் கசக்கும், அதிலும் கண் வையுங்கள்.

வெள்ளிக்கிழமைச் சோற்றுக்குப் பால்கறியே எனக்குப் பிடித்தது. அதை நீங்கள் வழுவழுப்பென்று ஒதுக்க வேண்டியதில்லை. துண்டுகளை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கிக்கொண்டு, வேறு சட்டியில் வெங்காயம், இரண்டு கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை, கொஞ்சம் வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள் ஆகியவற்றை ஒரு கோப்பை இரண்டாம் பாலில் அவித்து, வெங்காயம் வெந்ததும் காயைப் போடுங்கள். காய் பச்சை நிறம் மங்காமல் வெந்திருக்கும்போதே முதற்பாலையும் உப்பையும் சேர்த்து, அடுப்பை அணைத்த பின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். பால் கொதிக்கும்போது புளியை விட்டால் திரைந்துபோகும். அகப்பையால் கிளறுவதை விடச் சட்டியைத் தூக்கி ஒருமுறை சுழற்றுவது நல்லது.

மச்சம் சேரும் நாட்களில், இடித்த மாசிக் கருவாட்டையோ வறுத்த கூனியையோ சேர்த்துச் செய்யும் வெண்டிக்காய்ப் பிரட்டல், கடற்கரை ஊர்க்காரராகிய உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கூனியைத் தனியாக மொறுமொறுப்பாக வறுத்து, இறக்கும் தருணத்தில் சேருங்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வெறும் இரும்புத் தாச்சியில் நேரம் எடுத்துச் சமைத்தால் காய் கறுக்கும். அது நஞ்சன்று, நிறம் மட்டுமே கெடுகிறது.

கேள்வி (மூதூரிலிருந்து ஒரு வாசகி): மரக்கறிகளைப் பச்சைச் சாயத்தில் தோய்க்கும் காட்சி ஒன்றைத் தொலைபேசியில் பார்த்ததிலிருந்து வெண்டிக்காய் வாங்கவே பயமாக இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

பதில்: இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றைப் பரிந்துரைக்கிறது. தண்ணீரிலோ சமையல் எண்ணெயிலோ நனைத்த பஞ்சால் காயின் மேற்புறத்தைத் தேய்க்க வேண்டும்; பஞ்சு பச்சையானால் சாயம் என்று சந்தேகிக்கலாம். இயற்கையான பச்சை அப்படி ஒட்டிக்கொண்டு வராது. அப்படி ஏதும் கண்டால் காயைக் கழுவாமல் அப்படியே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள்.

என் கவலை சாயத்தை விடப் பூச்சிமருந்தின் மேலேயே இருக்கிறது. ஒவ்வொரு மருந்தின் சுட்டுத்துண்டிலும், விசிறிய நாளிலிருந்து எத்தனை நாட்கள் கழித்துக் காய் பறிக்கலாமென்று எழுதியிருக்கும். வெண்டியிலோ ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் காய் முற்றிவிடும். இந்த இரண்டுக்கும் இடையில் விவசாயி அகப்பட்டுக்கொள்கிறார். காத்திருக்க வேண்டிய நாட்களில் முற்றும் காயைப் பறித்து எறிவதுதான் சரியான வழி, ஆனால் அது அவருக்கு நேரடி நட்டம். பக்கத்துத் தோட்டக்காரரிடம் வாங்குகிறவர்கள், கடைசியாக எப்போது விசிறினீர்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம். வீட்டில், வெட்டுவதற்கு முன் ஓடும் நீரில் ஒவ்வொரு காயையும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். மேலே படிந்திருப்பதில் ஒரு பகுதி அதனால் போகும். காய்க்குள் இறங்கியதை உப்பு நீரும் வினாகிரியும் எடுத்துவிடுமென்று நம்ப வேண்டாம்.

கேள்வி (நகரிலிருந்து ஒரு வாசகர்): குளிர்சாதனப் பெட்டியில் வைத்த வெண்டிக்காய் மூன்றாம் நாளே கரும்புள்ளி விழுந்து சளி போலாகிவிடுகிறது. பெட்டி பழுதா?

பதில்: பெட்டி பழுதில்லை, குளிர்தான் கூடுதல். வெண்டி வெப்ப நிலத்துப் பயிர். அதன் காய்க்கு 7 முதல் 10 பாகை செல்சியஸ் வரையிலான குளிர் பொருந்தும். அதற்குக் கீழே போனால் மேற்பரப்பில் குழிகளும் கறுப்பும் விழும். வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் 4 பாகையை ஒட்டி இருப்பவை. ஆகவே காயைக் கழுவாமல், காகிதத்திலோ பருத்தித் துணியிலோ சுற்றி, கீழேயுள்ள மரக்கறித் தட்டில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிடுங்கள். இறுகக் கட்டிய பொலித்தீன் பைக்குள் வியர்வை பிடிக்கும். வாழைப்பழம், மாம்பழம் போன்ற பழங்கள் வெளியிடும் வாயு காயை மஞ்சளாக்கும் என்பதால் அவற்றோடு சேர்த்து வைக்க வேண்டாம்.

கேள்வி (குச்சவெளியிலிருந்து ஒரு வாசகர், வயது 58): எனக்குப் பத்து வருடமாக நீரிழிவு. வெண்டிக்காய் ஊறிய நீரைக் காலையில் குடித்தால் மாத்திரையை விட்டுவிடலாம் என்கிறார்கள். வெண்டிக்காய்ப் பொடி என்று ஒரு போத்தலும் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஐயா, மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நூறு கிராம் வெண்டிக்காயில் ஏறத்தாழ 33 கலோரியும் மூன்று கிராம் நார்ப்பொருளும் இருக்கின்றன. அந்த வழுவழுப்பான நார், உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கக்கூடியது என்பதால், சோற்றைக் குறைத்து வெண்டிக்காய்க் கறியைக் கூட்டுவது நீரிழிவுக்காரருக்கு நல்லதே. அதற்கு மேல் அதை மருந்தாக்கி, மருத்துவர் தந்த மருந்தின் இடத்தில் வைப்பதற்கு ஆதாரம் இல்லை. எலிகளில் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், வெண்டிக்காயின் கரைசல் மெட்போமின் என்ற நீரிழிவு மருந்து உடலில் சேர்வதையே குறைத்ததாகத் தெரியவந்தது. மனிதரிலும் அப்படியே நிகழும் என்று அதைக்கொண்டு முடிவுசெய்ய முடியாது. ஆனாலும் அந்த நீரைக் குடிக்கத்தான் வேண்டுமென்று நினைத்தால், கிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வேறு இரண்டு வகையினரும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். வார்பரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள், இதில் விற்றமின் கே இருப்பதால், திடீரென்று அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஒக்சலேற்று வகைச் சிறுநீரகக் கல் உள்ளவர்களும் அளவோடு உண்ண வேண்டும்.

பொடிப் போத்தலைப் பொறுத்தவரை, நோயைக் குணமாக்கும் என்று எழுதி விற்பது நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் செயல். பற்றுச்சீட்டையும் போத்தலையும் வைத்து மேலே சொன்ன அதிகாரசபையில் முறையிடலாம். அந்தப் பணத்துக்குச் சந்தையில் எத்தனை கிலோ பிஞ்சு வெண்டிக்காய் வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி): என் கணவர் வளைகுடா நாட்டில் வேலை செய்த காலத்தில் பாமியா என்ற இறைச்சிக் கறியைச் சாப்பிட்டிருக்கிறார். அதை இங்கே கிடைக்கும் வெண்டிக்காயில் சமைக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும், சகோதரி. பாமியா என்பது அரபு மொழியில் வெண்டிக்காயின் பெயரே. அந்தக் காயின் பேரிலேயே கறியும் அழைக்கப்படுகிறது. வேறுபாடு காயின் அளவில்தான் இருக்கிறது. அங்கே இரண்டு அங்குலத்துக்கும் சிறிய பிஞ்சுகளை முழுதாகவே சமைக்கிறார்கள். அவ்வளவு சிறிய காய் இங்கே சந்தைக்கு வருவது அரிது. பறிக்கும் நாளுக்கு முன்னரே தோட்டக்காரரிடம் சொல்லி வைத்தால், ஒரு நாள் முந்திப் பறித்துத் தருவார். எண்ணிக்கை கூடி நிறை குறைவதால் அவர் சற்றுக் கூடுதல் விலை கேட்பது நியாயம்.

காம்பின் தொப்பியை, விதைக்கூடு திறக்காதபடி, பென்சில் சீவுவது போலச் சுற்றிச் சீவி எடுப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. கூடு திறக்கவில்லையென்றால் வழுவழுப்பு வெளியே வராது. துருக்கியிலும் கிரேக்கத்திலும் சீவிய காயை அரை மணி நேரம் வினாகிரியிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ ஊறவைப்பதும் உண்டு. ஆட்டிறைச்சியை வெங்காயத்தோடும் தக்காளியோடும் முக்கால் பதம் வேகவைத்து, அதன் பிறகு காயைப் பரப்பி, கிளறாமல் இருபது நிமிடம் சிறு தீயில் வைத்து, நசுக்கிய உள்ளியையும் மல்லித்தழையையும் எண்ணெயில் வதக்கி மேலே ஊற்றுங்கள். தேசிக்காய் கடைசியில். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இதற்கு நேர்மாறாக, கம்போ என்ற குழம்பைத் தடிப்பாக்குவதற்காகவே வழுவழுப்பை விரும்பிச் சேர்க்கிறார்கள். அந்தக் கம்போ என்ற பெயரே ஆபிரிக்க மொழிகளில் வெண்டிக்காய்க்கு வழங்கிய சொல்லிலிருந்து வந்தது என்பர்.

கேள்வி (அதே உவர்மலை வாசகி, இன்னொரு கடிதத்தில்): மாடியில் நான்கு பைகளில் வெண்டி வளர்க்க நினைக்கிறேன். என்ன விதை வாங்குவது?

பதில்: பொதி செய்த திகதியும் முளைதிறனும் அச்சிட்ட பொதியாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே விதை இளஞ்சிவப்போ நீலமோ பூசியிருந்தால் அது மருந்திட்ட விதை. கையைக் கழுவுங்கள், மிஞ்சியதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். ஒரு இரவு ஊறவைத்து, நல்ல வெயில் படும் இடத்தில், ஒன்றரை அடி ஆழமுள்ள பையில் நட்டால் ஏறத்தாழ ஐம்பதாம் நாளளவில் முதற்காய் பறிக்கலாம். இலை நரம்புகள் வலைபோல மஞ்சளானால் அது வெண் ஈ பரப்பும் வைரசு நோய். மருந்து தேடாமல் அந்தச் செடியைப் பிடுங்கி அகற்றிவிடுங்கள்.

கலப்பின விதையை எடுத்து மறுபடி நட்டால் தாய்ச் செடியின் குணம் அப்படியே வராது. கலப்பினமல்லாத எம்.ஐ. 5 போன்ற இனமானால், நோயில்லாத செடி ஒன்றில் இரண்டு காய்களைப் பறிக்காமல் முற்ற விட்டு, பழுப்பாகி விளிம்பு வெடிக்கத் தொடங்கும்போது எடுத்து, நிழலில் உலர்த்திப் போத்தலில் இட்டு, மூடியில் திகதியை எழுதி வையுங்கள்.